குடும்ப மருத்துவர்களுக்கான சிகிச்சைப் பாடத் தொடர்: தாராவி கிளினிக்கில் ஓராண்டு

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் சந்தா கட்டிச் சேர்ந்த, குடும்ப மருத்துவர்களுக்கான சிகிச்சைப் பாடத் தொடரின் இருபத்து நான்காவது பாடம் இந்த மே மாதத்தின் நடுவில் வந்து சேர்ந்தது. ஒரு பாடத்தையும் விடாமல் படித்து, படித்ததைத் தாராவியில் உள்ள என் சிறிய கிளினிக்கில் நாள்தோறும் செய்து பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மாட்டுங்கா, ஆண்டாப் ஹில், செம்பூர் என்று மும்பையில் தமிழர்கள் மிகுந்து வாழும் பகுதிகளில் கிளினிக் வைத்திருக்கும் நண்பர்கள் பலர், இதில் சேரலாமா, பணத்துக்குத் தகுந்த பயன் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் இது. குறைகளையும் எழுதப் போவதால் நடத்துபவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கைப்பேசிக்கு ஒரு பாடம் வருகிறது. ஆறு பக்கம் எழுத்து, இருபது நிமிட ஒலிப்பதிவு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளும்படியான ஒற்றைப் பக்க அட்டை, நோயாளியிடம் கொடுப்பதற்கு மராத்தி, இந்தி, தமிழ் மொழிகளில் ஒரு துண்டுத்தாள் ஆகியவை ஒவ்வொரு பாடத்திலும் அடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவில் ஓர் அரங்கில் நேரில் கூடுகிறோம். ஆண்டுச் சந்தா 4,800 ரூபாய். மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளில் 30 மதிப்புப் புள்ளிகள் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். இந்தத் தொடரில் நேரில் கூடும் கூட்டங்களுக்கு மட்டுமே அந்தப் புள்ளி கிடைக்கிறது. புள்ளிக்காக மட்டும் சேர நினைப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழிகள் உண்டு.

படித்து முடித்து வெளியே வந்தபின் நம்மைப் போன்றவர்களுக்குப் புதிய செய்தி எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்தத் தொடரின் தேவை புரியும். பெரும்பாலும் மெடிக்கல் ரெப் கொண்டு வரும் வழவழப்பான தாளிலிருந்துதான் வருகிறது. அதில் எது புதிது என்று இருக்கும். எதை நிறுத்த வேண்டும் என்று இருக்காது. இந்தத் தொடரில் ஒவ்வொரு பாடத்தின் முதல் பக்கத்திலும் மூன்று கேள்விகள் கட்டம் போட்டு நிற்கின்றன: எது மாறியது, எதனால் மாறியது, யாருக்கு மாறவில்லை. மூன்றாவது கேள்விக்காகவே நான் சந்தா கட்டுவேன். பாடத்தை எழுதியவர் எந்த மருந்துக் கம்பெனியிடமாவது பணம் வாங்கியிருக்கிறாரா என்பதும் கடைசிப் பக்கத்தில் அச்சாகிறது. இரண்டு பாடங்களில் மட்டும் அந்த வரி விடுபட்டிருந்தது. ஒன்று சர்க்கரை நோய், மற்றொன்று கொழுப்பு. விடுபடக் கூடாத இடம் இவை இரண்டும்தான் என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

இந்த ஆண்டில் என் நடைமுறையை அடியோடு மாற்றியது ஆஸ்துமா பாடம். ஜீனா என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, 12 வயதுக்கு மேற்பட்ட ஆஸ்துமா நோயாளி எவருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று 2019இல் சொல்லிவிட்டது. நான் அதைத் தலைப்புச் செய்தியாகக் கேள்விப்பட்டிருந்தேனே ஒழிய, காரணத்தை உட்கார்ந்து படித்ததில்லை. சால்பியூட்டமால் மூச்சுக்குழலின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அந்த இறுக்கத்துக்குக் காரணமான உள்வீக்கத்தை அது தொடுவதே இல்லை. ஆகவே நோயாளிக்கு உடனே சுகம் கிடைக்கிறது, நோயோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு மூன்று இன்ஹேலரோ அதற்கு மேலோ காலியானால் கடுமையான மூச்சுத்திணறல் வரும் ஆபத்துக் கூடுகிறது என்றும், மாதத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டைத் தொட்டால் இறப்பின் ஆபத்தே கூடுகிறது என்றும் பாடம் சொன்னபோது, என் கண்முன் ஒருவர் முகம் வந்து நின்றது.

அவர் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அதிகாலை மூன்று மணிக்கு அடுப்புப் புகையில் நாள் தொடங்கும். மாதம் தவறாமல் சால்பியூட்டமாலின் நீல இன்ஹேலர் ஒன்று வாங்குவார். வீக்கத்தைக் குறைக்கும் பொடி மருந்தையும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன், ஆனால் அதை அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

“டாக்டரம்மா, இந்த நீலத்த இழுத்தா ஒடனே மூச்சு வந்துருது. அந்தப் பொடியப் போட்டா ஒண்ணுமே தெரியல. அதான் விட்டுட்டேன்” என்றார்.

“சரி அண்ணாச்சி, அந்தப் பொடிய எப்படிப் போட்டீங்கன்னு ஒரு தடவ எனக்குக் காட்டுங்க” என்று கேட்டேன். இப்படிக் கேட்கச் சொன்னதும் பாடம்தான். நோயாளியிடம் விளக்குவதற்கு முன் அவர் செய்வதைப் பார் என்று அட்டையின் முதல் வரியே சொல்கிறது.

அவர் பொடி அடைத்த கேப்சூலைக் கருவிக்குள் செருகினார், அடிப்பாகத்தைத் திருகினார், அதுவரை சரி. பிறகு மூச்சை வெளியே விடாமலேயே, பீடி இழுப்பதுபோல மெல்ல இழுத்தார். கருவியைத் திறந்து பார்த்தால் கேப்சூலில் பாதிப் பொடி அப்படியே இருந்தது. மீதியில் பெரும்பகுதி நாக்கில். இத்தனை மாதமும் மருந்து நுரையீரலுக்குப் போகவே இல்லை. முதலில் கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சு முழுவதையும் வெளியே விட்டு, பின் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, முடிந்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்பதை அன்று மூன்று முறை செய்து காட்டினோம். பிறகு நீலத்தை நிறுத்தி, வீக்கத்தைக் குறைக்கும் புடெசோனைடும் மூச்சுக்குழலைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே மருந்தை அன்றாடத்துக்கும் அவசரத்துக்கும் என்று மாற்றினேன். ஃபார்மோட்டெரால் விரைந்து வேலை செய்வதால்தான் இது சாத்தியமாகிறது. மெதுவாக வேலை செய்யும் சால்மெட்டெரால் சேர்ந்த மருந்தை இப்படி அவசரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பாடம் தடித்த எழுத்தில் எச்சரிக்கிறது. எட்டு மாதமாக அண்ணாச்சி இரவில் கதவைத் தட்டவில்லை. ஒரு குறை சொல்ல வேண்டுமானால், இந்தச் சேர்க்கை மருந்தின் விலை நீலத்தைவிடக் கூடுதல் என்பதைப் பாடம் ஓரிடத்திலும் பேசவில்லை. தினக்கூலி வாங்குகிறவர் மாதத்தின் கடைசி வாரத்தில் எதை நிறுத்துவார் என்பதைக் கணக்கில் எடுக்காத வழிகாட்டுதல் பாதி வழிதான் காட்டுகிறது.

இரத்த அழுத்தப் பாடத்தை நான் அலட்சியமாகத்தான் திறந்தேன். பிரஷர் பார்ப்பதில் புதிதாக என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அமெரிக்க இதய அமைப்புகள் 2017இல் 130/80 என்று எல்லையை இறக்கியதையும், உலக உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2020இல் 140/90இலேயே நின்றதையும், ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024இல் 140/90ஐ அப்படியே வைத்துக்கொண்டு அதற்குக் கீழே ‘உயர்ந்த அழுத்தம்’ என்று புதிய பிரிவை உண்டாக்கியதையும் ஒரே அட்டவணையில் வைத்துக் காட்டியிருந்தார்கள். எண்களை மனப்பாடம் செய்வதைவிட, அந்த எண்கள் எப்படி அளக்கப்பட்டன என்று கேட்பதே முக்கியம் என்று பாடம் அதன்பின் நான்கு பக்கங்களை அளக்கும் முறைக்கே ஒதுக்கியிருந்தது. 2015இல் வெளிவந்த ஸ்பிரிண்ட் ஆய்வு மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவந்தால் மாரடைப்பு போன்றவையும் இறப்பும் குறையும் என்று காட்டியது உண்மை; ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் சேர்க்கப்படவில்லை, அளவு எடுத்ததும் அமைதியான அறையில், ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின், தானியங்கிக் கருவியால். என் கிளினிக்கிலோ, சந்துக்குள் தண்ணீர்க் குடத்தோடு நடந்து வந்த அம்மாவை முக்காலியில் உட்காரவைத்து, பேசிக்கொண்டே, தொங்கும் கையில் பட்டையைச் சுற்றி அளந்துகொண்டிருந்தேன்.

மறுநாளே முக்காலியை எடுத்துவிட்டுச் சாய்வுள்ள நாற்காலி போட்டேன். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி மேசையில் ஒரு தலையணை வைத்தேன். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாக உயரும் என்பதால் பெரிய பட்டை ஒன்றும் வாங்கினேன். முதல் வாரத்திலேயே, மூன்றாவது மாத்திரை சேர்க்கலாம் என்று நான் நினைத்திருந்த ஒரு பெரியம்மாவுக்கு, வந்தவுடன் 158/96 இருந்தது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, பெரிய பட்டையால் இரண்டு முறை அளந்தபோது 138/84. மாத்திரை சேர்க்கவில்லை. வீட்டில் அளப்பவர்களுக்கு எல்லை 135/85 என்பதையும் அன்றிலிருந்து சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன். இந்தியாவில் 2017இல் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் அம்லோடிபைன், டெல்மிசார்டன், குளோர்தலிடோன் என்று சில மருந்துகளை வைத்தே படிப்படியாக ஏறும் எளிய முறையை வகுத்திருப்பதையும், அவை மலிவாகக் கிடைப்பதையும் பாடம் நன்றாக எடுத்துச் சொல்கிறது. தொடரிலேயே சிறந்த பாடம் இதுதான்.

சர்க்கரை நோய்ப் பாடத்தைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. அதில் நல்ல செய்தி இல்லாமல் இல்லை. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கை நமக்கு மிகவும் தேவை; ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் நாம் எத்தனை பேருக்குத் தவறு செய்வோம் என்று எண்ணி அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், கால் எரிச்சலை எல்லாம் சர்க்கரை மேல் போடாதே என்ற வரியும் பொன்னானது.

ஆனால் பாடத்தின் பெரும்பகுதி டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளைப் பற்றியது. சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும் மருந்து அது என்பதில் ஐயமில்லை. 2019, 2020ஆம் ஆண்டுகளின் பெரிய ஆய்வுகள் சர்க்கரை இல்லாதவர்களிடம்கூட அந்தப் பயனைக் காட்டின. இந்தியாவில் 2020இல் முதல் காப்புரிமை முடிந்தபின் விலையும் சரிந்துவிட்டது. அந்த மருந்து வேலை செய்யும் விதமோ, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. சிறுநீர் கூடும்; பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்புக் கூடும். தாராவியில் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டும். இரவில் போக அஞ்சிப் பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்டவரிடம் இந்த மருந்தை எப்படித் தொடங்குவது, எந்த நேரத்தில் போடச் சொல்வது, தண்ணீரைப் பற்றி என்ன பேசுவது, எப்போது வேண்டாம் என்று விடுவது? மும்பை மருத்துவர்களுக்கென்று எழுதப்பட்ட பாடம் இதைத் தொடாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. மாட்டுங்கா கூட்டத்தில் நான் இதைக் கேட்டபோது அரங்கில் பாதிப்பேர் தலையசைத்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி, அறுவை சிகிச்சை ஆகிய வேளைகளில் இந்த மருந்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பதாவது அட்டையில் இருக்கிறது. நோயாளிக்கான துண்டுத்தாளில் அதுவும் இல்லை. நானே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்.

காசநோய்ப் பாடத்தில் ஒரே ஒரு பத்திக்காக எல்லோரும் அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும். நாள்பட்ட இருமலுக்கு லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினால், அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் இறங்கும், நோயாளி குணமானதாக எண்ணுவார், நோய் கண்டுபிடிக்கப்படுவது வாரக்கணக்கில் தள்ளிப்போகும், அதற்குள் கிருமி அந்த மருந்துக்கே எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளவும் கூடும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குச் சிகிச்சை அளிக்க நாம் நம்பியிருக்கும் மருந்துக் குடும்பமும் அதுவே. வேறோர் இடத்தில் இரண்டு முறை இந்த மருந்தை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எடை குறைந்து என்னிடம் வந்த ஓர் இளைஞனின் சளியைப் பரிசோதித்தபோது காசநோய் உறுதியானது. அவனுடைய பழைய சீட்டுகளைப் பார்த்துக் கோபப்பட எனக்கு உரிமையில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் ஆன்டிபயாட்டிக் எழுதும் முன் கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுப் பரிசோதனைக்குச் சளியை அனுப்ப வேண்டும், அரசு மையத்தில் அதற்குக் கட்டணமில்லை, தனியார் மருத்துவரும் நோயைப் பதிவு செய்வது 2012 முதல் கட்டாயம், சத்துணவுக்கான மாத உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது என்று வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தந்திருக்கிறார்கள்.

தைராய்டு, முதுகுவலி, கொழுப்பு பற்றிய பாடங்கள் சரியானவை, ஆனால் புதியவை அல்ல. டெங்கு பாடம் நன்று. காய்ச்சல் விட்ட நாள்தான் கவனிக்க வேண்டிய நாள், தட்டணுக்களை மட்டும் எண்ணாமல் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, சோர்வு, இரத்தக்கசிவு ஆகியவற்றைக் கேள் என்பதை அழுத்தமாகச் சொல்கிறது.

குழந்தைகளின் வயிற்றுப்போக்குப் பாடத்தில் நடந்த தவறை மறைக்க முடியாது. உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாகம் 10 முதல் 14 நாள் தர வேண்டும்; ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம். முதலில் வந்த அட்டையில் எல்லா வயதுக்கும் 20 என்று இருந்தது. நான்கைந்து பேர் எழுதிக் கேட்ட பிறகு, பதினோரு நாள் கழித்து, அடுத்த பாடத்தின் அடிக்குறிப்பாகத் திருத்தம் வந்தது. அட்டையை மேசையில் ஒட்டியவர் அடிக்குறிப்பைப் படிப்பார் என்பதற்கு என்ன உறுதி? அளவில் பிழை நேர்ந்தால் அன்றே, தனிச் செய்தியாக, சிவப்பு எழுத்தில் அனுப்ப வேண்டும். இதை நான் நடத்துபவர்களிடம் நேரிலும் சொன்னேன். இனி அப்படியே செய்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

தமிழ்த் துண்டுத்தாள்களைப் பற்றித் தமிழ் மருத்துவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவை மொழிபெயர்ப்பாளரின் மேசையில் பிறந்தவை, கிளினிக்கில் பிறந்தவை அல்ல. ‘மீட்பு இன்ஹேலர்’ என்று ஒரு தாளில் இருந்தது, இட்லி அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “எத மீக்கிறதுக்கு டாக்டரம்மா?” என்று கேட்டார். மூச்சு முட்டும்போது போடுவது என்று எழுதினால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். ‘உணவுக்கு முன்’ என்றால் எத்தனை நிமிடம் என்று இல்லை, ‘அபாய அறிகுறிகள்’ என்ற தலைப்பின் கீழ் ‘சோம்பல்’ என்று இருக்கிறது; டெங்குக் குழந்தை சோம்பிக் கிடக்காது, துவண்டு கிடக்கும். இருபத்து நான்கு தாள்களில் ஒன்பதை நான் திருத்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பதிப்பில் அவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். தமிழில் எழுத வரும் மருத்துவர்கள் இன்னும் இரண்டு பேர் இந்த வேலைக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

யார் சேரலாம் என்றால், தனியாகக் கிளினிக் நடத்துபவர்கள், பக்கத்து அறையில் கேட்பதற்கு மூத்த மருத்துவர் இல்லாதவர்கள் சேரலாம். பெரிய மருத்துவமனையில் வாரந்தோறும் கூட்டம் நடக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு தேவைப்படாது. ஒலிப்பதிவை மட்டும் கேட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அட்டவணைகள் எழுத்தில்தான் இருக்கின்றன.

நான் இரண்டாம் ஆண்டுக்கும் சந்தா கட்டிவிட்டேன். கட்டும்போது ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன். எலிக்காய்ச்சல் பாடம் சென்ற ஆண்டு செப்டம்பர் பதினைந்தாம் தேதி, மழை ஓயும் நேரத்தில் வந்தது. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பின் இந்த நகரத்தில் எலிக்காய்ச்சல் எப்படிப் பரவியது என்பதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தேங்கிய நீரில் நடந்தவர் 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் போட வேண்டும், காலில் புண் இருந்தால் மருந்து போடும் நாட்கள் கூடும், கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அதற்குப் பதில் அசித்ரோமைசின் என்ற அட்டை செப்டம்பரில் கைக்கு வந்து என்ன பயன்? மே மாதமே வேண்டும் என்று எழுதினேன். இந்த வாரம் அந்த அட்டை, திருத்திய தமிழ்த்தாளோடு, மழைக்கு முன்பே வந்துவிட்டது. கம்பவுண்டர் தம்பி அதைக் கிளினிக் வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு நேர் மேலே, கண்ணில் படும் உயரத்தில் ஒட்டியிருக்கிறான்.